ஈர மண்ணில் இழை ஆடு: அங்கோராவா, காஷ்மீரா, பைகோராவா?

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். பாதி புல், மீதியில் பிளாக்பெர்ரி முள் மண்டிக் கிடக்கிறது. அக்டோபரில் பிடிக்கும் மழை மே வரை விட்டுவிட்டுப் பெய்யும், கோடை காய்ந்துவிடும். கையால் நூல் நூற்கிற வீடு அது. நாலு ஆடு வளர்த்து நம் நூலை நாமே எடுத்தால் என்ன என்ற எண்ணம் வரும்போது முன்னால் நிற்பவை மூன்று: மொஹேர் தரும் அங்கோரா ஆடு, காஷ்மீர் ஆடு, இரண்டின் சாயலும் கொண்ட சிறிய உருவமான பைகோரா.

எல்லாரும் முதலில் கேட்பது, எதன் ரோமம் மெத்தென்று இருக்கும் என்பதைத்தான். பதில் சுலபம், காஷ்மீர். அதை மட்டும் நம்பி ஆடு வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ரோமம் ஆட்டை விட்டுப் பிரிந்த பிறகு நூலாகும் வரை உங்கள் கையில் எத்தனை நாள் கிடக்கப் போகிறது? பிப்ரவரி மழையில் அந்த ஆடு எங்கே நிற்கப் போகிறது? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் எந்த ஆடு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவது நல்லது. கடையில் 'அங்கோரா நூல்' என்று விற்பது முயலின் ரோமம். அங்கோரா ஆட்டின் ரோமத்துக்குப் பெயர் மொஹேர். ஆடு, முயல் இரண்டுக்கும் அந்தப் பெயர் துருக்கியின் அங்காரா நகரத்தின் பழைய பெயரிலிருந்து வந்தது. காஷ்மீர் என்பது தனி இனமே அல்ல. குளிருக்கு முன் பல இன ஆடுகளின் மேல்முடிக்கு அடியில் முளைக்கும் உள்ரோமம் அது. லடாக்கின் சாங்தாங்கி ஆடு தரும் பஷ்மினா அதில் மிக மெல்லியது, இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அமெரிக்கப் பண்ணைகளில் இருப்பவை பெரும்பாலும் ஸ்பானிஷ் இறைச்சி ஆடுகளிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆடுகளிலிருந்தும் உள்ரோமத்துக்காகத் தேர்ந்து வளர்த்தவை. பைகோரா ஒரிகான் மண்ணிலேயே பிறந்தது. அங்கோராவையும் பிக்மி குள்ள ஆட்டையும் கலந்து உருவாக்கினார்கள். 1987-இல் வளர்ப்போர் சங்கமும் அமைந்தது.

இனி கணக்கு. நாலு வளர்ந்த அங்கோரா, தலைக்கு வருடம் 4 கிலோ வீதம் 16 கிலோ ரோமம் தரும். எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் போனால் கையில் நிற்பது சுமார் 13 கிலோ. நாலு காஷ்மீர் ஆட்டில் மேல்முடி களைந்த உள்ரோமம் தலைக்கு 150 கிராம் என்று வைத்தால் மொத்தம் 600 கிராம். நாலு பைகோராவில் வருடத்துக்கு 3 கிலோ எதிர்பார்க்கலாம், ரோம வகையைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஒரு பெரிய ஆள் ஸ்வெட்டருக்கு 600 கிராம் நூல் வேண்டும். அதாவது நாலு காஷ்மீர் ஆடு சேர்ந்து வருடத்துக்கு ஒரு ஸ்வெட்டர். நாலு அங்கோராவோ ஒருத்தர் மாலை நேரத்தில் நூற்றுத் தீராத அளவு கொடுத்துவிடும்.

அங்கோரா: வெட்டினால் நூற்கலாம், ஆனால் கூரை வேண்டும்

இதன் ரோமம் மாதத்துக்கு 2 முதல் 2.5 செ.மீ. வளரும். ஆறு மாதத்தில் 12 முதல் 15 செ.மீ. ஆகிவிடுவதால் வருடத்துக்கு இரண்டு வெட்டு: பிப்ரவரிக் கடைசியில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. மேல்முடி, உள்ரோமம் என்று இரண்டு அடுக்கு கிடையாது. நல்ல ஆட்டில் எல்லாமே நூற்கக்கூடிய ரோமம். வெட்டினோம், அலசினோம், நூற்றோம் என்று போகலாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை.

வயது ஏற ஏற இழை தடிக்கும். குட்டியின் முதல் வெட்டு 24, 25 மைக்ரான், கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். ஒன்றரை வயதில் 30-ஐத் தொடும். நாலைந்து வயதில் 35-ஐத் தாண்டினால் ஆச்சரியமில்லை; அது காலுறைக்கும் விரிப்புக்கும் உரியது. கொழுக்கத் தீனி போட்டால் ரோமத்தின் எடை கூடும், இழையும் கூடவே தடிக்கும். வாங்கும்போது தாயின் ரோமத்தையும் தொட்டுப் பாருங்கள். குட்டி நாலு வயதில் எப்படி ஆகும் என்பது அங்கே தெரியும்.

இந்த ஆட்டின் பலவீனம் வெட்டிய மறுநாள் தொடங்குகிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. ரோமம் போனதும் 10 டிகிரிக் குளிரில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் நல்ல திடமான ஆடுகூட ஒரே இரவில் செத்துப்போகும். உறைபனி வேண்டியதில்லை, நனைந்த தோலில் காற்று பட்டால் போதும். முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கி நின்ற ஆடு நடுக்கத்தை நிறுத்திவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெட்டிய பின் நாலிலிருந்து ஆறு வாரம் மழை படாத, மூன்று பக்கம் அடைத்த கொட்டில் வேண்டும். தலைக்கு 2 சதுர மீட்டர் இடம், அடியில் காய்ந்த வைக்கோல் படுக்கை. தானியத்தைவிட உலர்புல்லைத் தாராளமாகப் போடுங்கள். நார்த்தீனி வயிற்றில் நொதிக்கும்போது எழும் சூடுதான் அதற்குப் போர்வை. முதுகுத் தண்டை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு ரோமத்தை விட்டுவிட்டு வெட்டுகிற வழக்கமும் உண்டு, மழை நேராக முதுகில் இறங்காது. குளிருக்குப் பயந்து வெட்டை ஏப்ரலுக்குத் தள்ளினால் ரோமம் தோலோரமாகச் சிக்குப் பிடித்துத் தகடாகிவிடும். அதைச் சீவவும் முடியாது, நூற்கவும் முடியாது.

வெட்டுகிற வேலையைப் பற்றி. முந்தின நாள் முழுக்க ஆடு நனையக் கூடாது, இரவு தீனி வேண்டாம். மின்கத்தரியில் செம்மறிக்குப் போடும் 13 பல் சீப்பை மாட்டாமல், 20 பல் ஆட்டுச் சீப்பை மாட்டுங்கள். அங்கோராவின் தோல் மெல்லியது, மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அகலப் பல்லுக்குள் மடிப்பு புகுந்துவிடும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தபடி, கத்தரியைத் தோலோடு படிய வைத்து ஒரே இழுப்பில் போக வேண்டும். மேடு விட்டுவிட்டதே என்று அதே இடத்தில் இரண்டாம் முறை ஓட்டினால் அரை செ.மீ. துண்டுகள் விழும், நூற்கும்போது அவை உருண்டை உருண்டையாக எழும்பி நூலைக் கெடுக்கும். பெட்டையின் காம்பையும் கிடாவின் குறியையும் விரலால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். வயிற்று ரோமம், மூத்திரக் கறை பட்டது, தொடைப் பகுதி ஆகிய மூன்றையும் தனியே ஒதுக்குங்கள். மீதியை ஆட்டுக்கு ஒரு பை என்று காகிதப் பையிலோ துணிப் பையிலோ கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டு மஞ்சளாகும்.

அலசுவதற்குக் கை பொறுக்காத சூடு வேண்டும், 60 டிகிரிக்குக் குறையாமல். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்துவிட்டு, வலைப்பையில் போட்ட ரோமத்தை மெல்ல அமுக்கி 20 நிமிடம் ஊற விடுங்கள். தேய்க்கவோ பிழியவோ வேண்டாம். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆறினால் கரைந்த பிசுக்கு மறுபடி இழையிலேயே ஒட்டும். இரண்டு சோப்பு நீர், இரண்டு வெறும் சுடுநீர் போதும்.

காஷ்மீர்: ஆடு சுலபம், ரோமம் கஷ்டம்

வளர்ப்பு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் கல்லுக்குண்டு. குட்டி ஈனுவதில் சிக்கல் குறைவு, தாய் குட்டியை விட்டுப் போகாது, மழையைத் தாங்க மேல்முடி இருக்கிறது, இறைச்சிக்கும் ஆகும். தொல்லை முழுவதும் ரோமத்தில்தான்.

பகல் குறையத் தொடங்கும் ஜூன் பிற்பகுதியிலிருந்து உள்ரோமம் வளர்ந்து டிசம்பர் கடைசியில் நிற்கும். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தானாகவே வேர் விட்டுக் கழன்று வரும். அந்த வாரத்தைப் பிடிக்க வேண்டும். கழுத்திலும் தோளிலும் முடியைப் பிரித்துப் பாருங்கள். தோலை ஒட்டிப் பஞ்சு மாதிரி ஒரு படலம் தனியாகத் தூக்கி நின்றால் நேரம் வந்துவிட்டது. பால் கறக்கும் மேடையில் தலையைப் பூட்டி, நீளப் பல் சீப்பால் மேலிருந்து கீழே வாரினால் சீப்பில் சாம்பல் மேகம் போல வந்து தொங்கும். ஒரு ஆட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எல்லா இடமும் ஒரே நாளில் கழலாது என்பதால் வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று தடவை வார வேண்டும். ஒரு வாரம் அசந்தால் ஆடு வேலிக் கம்பியில் உரசித் தானே எடுத்துக்கொள்ளும். வருட மகசூல் முள்ளில் தொங்கிக் காற்றில் ஆடும்.

வாரி எடுத்ததிலும் மேல்முடி கலந்துதான் வரும். அமெரிக்கச் சட்டப்படி காஷ்மீர் என்று முத்திரை குத்த வேண்டுமானால் இழையின் சராசரி 19 மைக்ரானைத் தாண்டக் கூடாது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழை எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்குச் சட்டம் தேவையில்லை, கழுத்துக்குத் தேவை: ஒரு மேல்முடி இருந்தாலும் குத்தும். கையால் களைவது என்றால் கறுப்புத் துணியை மடியில் விரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, நீளமான முரட்டு முடியை நுனி பிடித்து உருவிக்கொண்டே இருக்க வேண்டும். மாலை முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்கை கொள்ளும் அளவு தேறும். இயந்திரத்தில் களைந்து தரும் ஆலைகள் குறைந்தபட்ச எடை கேட்பார்கள். நாலு ஆட்டு ரோமம் அதை எட்டுவது கடினம். வார நேரமில்லை என்று மொட்டையாக வெட்டிவிட்டால் மேல்முடியும் உள்ரோமமும் ஒன்றாகக் குவியும், ஆலை இல்லாமல் அது உதவாது. பொறுமை இருப்பவருக்கு இதைப் போன்ற இழை வேறில்லை என்பது உண்மை. அந்தப் பொறுமை வருடா வருடம் வேண்டும்.

பைகோரா: சின்ன ஆடு, மூன்று விதமான ரோமம்

பெட்டை 30 கிலோவை ஒட்டி நிற்கும், கிடா 40-ஐ எட்டும். குளம்பு வெட்ட ஒருவரே மடக்கிப் பிடிக்கலாம். முதுகுவலிக்காரர்களும் குழந்தைகள் உள்ள வீடுகளும் இதைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. வெள்ளை, கறுப்பு, சாம்பல், பழுப்பு என்று இயற்கை நிறமும் கிடைக்கும்.

சிக்கல் ரோம வகையில். ஏ வகை மொஹேர் போலச் சுருள் சுருளாக 15 செ.மீ. அளவுக்கோ அதற்கு மேலுமோ தொங்கும். சி வகை காஷ்மீர் போலக் குட்டையான உள்ரோமம், மேல்முடியோடு சேர்ந்தது. பி வகை இரண்டின் கலவை, 8 முதல் 15 செ.மீ., இலேசான பளபளப்பு. இந்த பி வகைதான் பைகோராவின் பெருமை. அதைத் தேடித்தான் நூற்பவர்கள் வருகிறார்கள். ஏ, பி இரண்டையும் வருடம் இருமுறை வெட்டலாம். பி-யில் கொஞ்சம் மேல்முடி களைய வேண்டியிருக்கும். சி-க்கு காஷ்மீரின் அத்தனை பாடும் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு குட்டி இரண்டு வகையாக இருக்கும், வயது ஏறும்போது ஒன்றே சாயல் மாறும். பதிவுச் சீட்டு பரம்பரையைத்தான் சொல்லும், ரோமத்தைச் சொல்லாது. ஆகவே குட்டியாக வாங்காதீர்கள். இரண்டு வெட்டு முடிந்த ஆட்டைப் பார்த்து, போன வெட்டின் ரோமத்தையும் எடுத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

முள், புழு, ரோமம்

இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று ஆட்டுக்கும் பொதுவான எதிரி குடல்புழு. முக்கியமாக ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ். அதன் குஞ்சுப் புழுக்கள் ஈரப் புல்லின் அடி 5 செ.மீ.-க்குள்தான் பெரும்பாலும் இருக்கும். புல் 10 செ.மீ.-க்குக் கீழே போகுமுன் ஆட்டை மாற்றிக் கட்ட வேண்டும். தலையைத் தூக்கித் தழை தின்னும் ஆட்டுக்குப் புழு குறைவு. அந்த விதத்தில் பிளாக்பெர்ரிப் புதர் வரம்தான், ஆடுகளும் ஆசையாகத் தின்னும். ஆனால் முழு ரோமத்தோடு இருக்கும் அங்கோராவுக்கு அதே புதர் கண்ணி. முள்ளில் ரோமம் சுற்றி, குட்டிகள் அசைய முடியாமல் மாட்டிக்கொள்ளும். வெளிவந்தாலும் ரோமம் முழுக்க முள்ளும் சருகும்.

வழி இருக்கிறது. ஆகஸ்ட் வெட்டு முடிந்ததும் அங்கோராவைப் புதருக்குள் விடுங்கள். ரோமம் குட்டையாக இருக்கும் ஆறு வாரம் ஒன்றும் ஆகாது, அது மழையில்லாத காலமும்கூட. அக்டோபரில் வெளியே எடுத்துவிடலாம். காஷ்மீருக்கு இது தலைகீழ்: வசந்தத்தில் ரோமம் கழலும் மாதங்களில் மட்டும் புதருக்கு வெளியே இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் தாராளமாக மேயலாம். புதர்தான் அதிகம், புல் குறைவு என்ற நிலத்துக்கு காஷ்மீர் ஆடு பொருந்துவது இதனால்தான்.

புழுவைத் தாங்கும் சக்தி அங்கோராவுக்குக் குறைவு. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கீழ் இமையை இழுத்து உள்நிறம் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மருந்து. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டை இதற்கென்றே இருக்கிறது. எல்லா ஆட்டுக்கும் நாள் பார்த்து மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். செம்மறியின் அளவும் ஆட்டின் அளவும் ஒன்றல்ல. குறைத்துக் கொடுப்பதும் புழுவைப் பழக்குவதுதான். அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

மேற்கு ஒரிகான் மண்ணில் செலினியம் பற்றாக்குறை உண்டு. குட்டிகள் எழுந்து நிற்க முடியாமல் தசை வெளுத்துப்போகும் நோய் இதனால் வருவது. ஆட்டுக்கென்று விற்கும் தாது உப்பை எப்போதும் வைத்திருங்கள். 'செம்மறிக்கும் ஆட்டுக்கும்' என்று போட்டிருக்கும் கலவையில் செம்மறிக்கு ஆகாது என்பதற்காகத் தாமிரத்தை விட்டிருப்பார்கள்; ஆட்டுக்குத் தாமிரம் இல்லையென்றால் ரோமம் சுருள் இழந்து கம்பி போலாகும். செலினியத்தை ஊசியிலும் உப்பிலும் தீனியிலும் ஒருசேரக் கொடுத்தால் நஞ்சாகும், அதற்கும் மருத்துவர் வேண்டும். பக்கத்து வீட்டார் ரோடோடென்ட்ரான் செடியை வெட்டி வேலிக்கு இந்தப் பக்கம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில இலை போதும், ஆடு நுரைநுரையாகக் கக்கிச் சாயும்.

வேலிக் கம்பிவலையின் கண் 10 செ.மீ. இருக்கட்டும். 15 செ.மீ. கண்ணில் தலை போகும், கொம்போடு திரும்பாது. கொம்பு வளராமலிருக்கக் குட்டியில் அதன் முளையைச் சுடவும் வேண்டாம். ரோமம் போர்த்திய ஆட்டுக்கு உடல் சூட்டை வெளியேற்றக் கொம்பு உதவுகிறது. மின்வேலியை மட்டும் நம்பாதீர்கள், முழு ரோமத்தில் இருக்கும் அங்கோராவுக்கு அதிர்ச்சி உறைக்காது.

எங்கள் தேர்வு

நல்ல கொட்டில் கட்ட முடியும், நூற்கத்தான் ஆடு என்றால், முதல் மந்தைக்கு நாலு காயடித்த அங்கோரா கிடாக்கள். பெட்டை வேண்டாம், இனப்பெருக்கம் வேண்டாம், இரண்டு வருடத்துக்காவது. சினை அங்கோரா தீனியில் சின்னக் குறை வந்தாலும், மூன்றரை மாதச் சினையில் குளிரோ பயமோ தாக்கினாலும் குட்டியைக் கலைத்துவிடும். ஈன்றாலும் குட்டி சிறுத்து, நனைந்தால் பிழைக்காது. காயடித்ததில் இந்தக் கவலை எதுவும் இல்லை. ஊட்டப் பால் இல்லை, சுமக்கக் கரு இல்லை, தின்பது ரோமத்துக்கு. காயடிக்காத கிடா இலையுதிர்காலத்தில் தன் மூத்திரத்தைத் தாடியிலும் முன்காலிலும் அடித்துக்கொள்ளும். அந்த வீச்சம் ரோமத்தை விட்டு எளிதில் போகாது.

இவற்றுக்கு ஒரு ஆபத்து, மூத்திரக்கல். தானியம் மிகக் குறைவாக, மொத்தத் தீனியில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல இரு மடங்காக, தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் கூடக் குடிக்கும். முக்கிக்கொண்டு நின்று மூத்திரம் சொட்டாமல் கத்தினால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. உலர்புல் தலைக்கு நாளொன்றுக்கு 1.8 கிலோ, 180 நாளுக்கு நாலு ஆட்டுக்குக் கிட்டத்தட்ட 1,300 கிலோ. ஜூலையிலேயே வாங்கி அடுக்கிவிடுங்கள். தீனித் தொட்டி ஆட்டின் தலைக்குக் கீழே இருக்கட்டும். தலைக்கு மேல் தொங்கும் வலையிலிருந்து இழுத்தால் துரும்பு முழுவதும் கழுத்து ரோமத்தில் கொட்டும், அதுதான் ஆட்டின் மிக நல்ல ரோமம் விளைகிற இடங்களில் ஒன்று.

இடம் குறைவு, பெரிய ஆட்டைப் பிடிக்கத் தெம்பில்லை என்றால் பி வகைப் பைகோரா மூன்று. முள்புதர் இரண்டு ஏக்கரையும் விழுங்கியிருக்கிறது, இறைச்சியும் வேண்டும், நூற்பது இரண்டாம்பட்சம் என்றால் காஷ்மீர். கொட்டிலுக்கு வழியே இல்லையென்றால் அங்கோராவை நினைக்கவே வேண்டாம்.

வாங்கப் போகும் நாளில் ஒரு கறுப்புத் துணியை எடுத்துப் போங்கள். தோள், விலா, தொடை மூன்று இடத்திலும் ரோமத்தைப் பிரித்துத் தோல் வரை பாருங்கள். பேன் ஓடினால் தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சுருள் வெட்டித் துணியில் பரப்புங்கள். பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு போல வெளுத்து விறைத்த முடி கிடந்தால் அது கெம்ப், சாயம் பிடிக்காது. தொடையில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, விலாவில் இருந்தால் அந்த ஆடு வேண்டாம். பிறகு சுருளின் இரு நுனியையும் பிடித்துக் காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். கிண்ணென்று ஒலித்தால் இழை திடம். படபடவென்று நடுவில் தெறித்தால் அந்த வளர்ச்சிக் காலத்தில் ஆடு நோயிலோ பட்டினியிலோ இருந்திருக்கிறது. என்னவென்று விற்பவரிடம் அங்கேயே கேளுங்கள். சி.ஏ.இ. (மூட்டையும் மூளையையும் தாக்கும் வைரஸ் நோய்), சி.எல். (நிணநீர்க் கட்டிகளில் சீழ் வைக்கும் நோய்), ஜோன்ஸ் நோய் (Johne's, ஆட்டை மெலியவைக்கும் குடல் நோய்) மூன்றுக்கும் மந்தையில் ரத்தப் பரிசோதனை செய்த தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு விலை பேசலாம்.